தலையெழுத்தும் தழும்பும்

நெற்றியிலே எழுதியிருக்கிறது என்கிறார்கள். பிரமன் எழுதினான், அழுதாலும் அழியாது, தொழுதாலும் மாறாது என்கிறார்கள். கண் கெட்டால் அது எழுத்து. கால் முடமானால் அது எழுத்து. முகம் சிதைந்தாலோ, முற்பிறப்பிலே செய்த வினைக்கு இப்பிறப்பிலே குத்தப்பட்ட முத்திரை! இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் செவி மரத்துப்போன நாட்டிலே, ஏடு தூக்காத ஒருவன், பூணூல் போடாத ஒருவன், செங்கல் செய்யும் குலத்திலே பிறந்த ஒருவன், அந்த நெற்றித் தோலையே கத்தியால் அறுத்தெடுத்து, அதைக்கொண்டு மூக்கிழந்த மனிதனுக்கு மூக்குச் செய்து வைத்தான். 'என் எழுத்தின்மேல் கை வைக்காதே' என்று தடுக்கப் பிரமன் வரவில்லை. நெற்றியிலே ஒரு தழும்பு விழுந்தது. அதுவும் நாளடைவிலே மங்கிப் போயிற்று.

கட்டுக்கதையல்ல தோழர்களே, வரலாறு. 1794ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், இலண்டனில் வெளிவந்த 'ஜென்டில்மன்ஸ் மேகசீன்' என்ற ஏட்டிலே படத்தோடு அச்சேறிய வரலாறு. முகத்தைச் சீர்செய்யும் அறுவை மருத்துவம் என்று இன்று உலகமெங்கும் பேசப்படும் பெருங்கலை, தன் பிறப்புச் சான்றுகளுள் ஒன்றாக அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறது.

மூக்கு ஏன் போயிற்று? நோயால் மட்டும் அன்று. மனிதன் மனிதனுக்கு இழைத்த கொடுமையாலும் போயிற்று. ஒருவனை அவமானப்படுத்துவதை 'மூக்கறுத்தான்' என்று இன்றும் சொல்லுகிறோம். சொல் எங்கிருந்து வந்தது? செயலிலிருந்து வந்தது! விரும்புகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லி வந்த பெண்ணின் மூக்கை அறுத்தவன் வீரன், அறுபட்டவள் அரக்கி என்று சொல்லும் கதையைக் காலட்சேபத்திலே கேட்டுக் கைதட்டிய நாடு இது. 17ஆம் நூற்றாண்டின் நடுவிலே, மதுரையைத் திருமலை நாயக்கர் ஆண்ட இறுதிக் காலத்திலே, மைசூர் மன்னர் கந்தீரவ நரசராசரின் படை சத்தியமங்கலப் பக்கமாக நுழைந்து, ஆணென்றும் பெண்ணென்றும் குழந்தையென்றும் பாராமல் மூக்கறுத்ததை, அந்நாளில் மதுரைச் சீமையிலிருந்த இயேசு சபைப் பாதிரிமார் தங்கள் கடிதங்களிலே எழுதி வைத்தனர். மதுரைப் படை சும்மா இருந்ததா? அதுவும் மைசூர்ச் சீமைக்குள் புகுந்து, அறுத்ததற்கு அறுத்தது. மூக்கறுப்புப் போர் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. மன்னர்கள் சண்டையிட்டனர், மூக்கை இழந்தவர்களோ உழவரும் உழவர் வீட்டுப் பெண்டிரும்!

அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை. மீண்டும் மைசூரோடு போர். இம்முறை எதிர்த்து நின்றவன் கிழக்கிந்தியக் கும்பெனி. அந்தப் போர் பாப்பாரப்பட்டிக்கு அயலூர்ச் செய்தியன்று. தருமபுரியும் கிருட்டிணகிரியும் சேர்ந்த இந்தப் பாராமகால் நிலம்தான் படைகளின் நடைபாதையாயிற்று. 1791இல் பென்னாகரக் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் முழுவதையும் திப்பு சுல்தான் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கர்னல் ரீடும், அவருக்குத் துணையாகத் தாமசு மன்றோவும் இங்கே வரி அளக்க வந்தது அதன் பிறகுதான். நம் பள்ளிப் புத்தகங்கள் அந்தப் போரை அவ்வளவோடு முடித்துவிடுகின்றன: யார் வென்றார், யார் தோற்றார், எந்த நிலம் யாருக்கு. ஆனால் போரிலே வண்டிமாடு ஓட்டியவனுக்கு என்ன ஆயிற்று என்று எந்தப் புத்தகம் கேட்டது?

அவன் பெயர் கவாஸ்ஜி. மராட்டியன். ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிப் பிழைத்தவன். 1792ஆம் ஆண்டுப் போரிலே திப்புவின் ஆட்களிடம் சிக்கினான். மூக்கையும் ஒரு கையையும் அறுத்து அனுப்பினார்கள் என்று அந்த ஏடு கூறுகிறது. ஓராண்டுக் காலம் மூக்கில்லாமலே இருந்தான். பிறகு புனாவுக்கு அருகிலே, செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவரிடம் போனான். அந்தக் கைவினையாளரின் பெயரை எந்த ஏடும் எழுதவில்லை. அறுவையைக் கண்ணால் கண்ட பம்பாய் மாகாண ஆங்கில மருத்துவர்கள் குரூசோ, ஃபின்ட்லே ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றன. படம் வரைந்த ஓவியர் வேல்சின் பெயர் இருக்கிறது. செய்தவர் பெயர் இல்லை! உழைத்தவன் பெயரை விட்டுவிட்டு, பார்த்தவன் பெயரை எழுதுவதுதானே வரலாற்றின் வழக்கம்!

பெயர் இல்லாவிட்டாலும் வேலை இருக்கிறது, அதைப் பாருங்கள். முதலில் மெழுகை எடுத்து, அந்த முகத்துக்குப் பொருந்தும் மூக்கு ஒன்று செய்தார். பின் அதைத் தட்டையாக்கி நெற்றியின்மேல் விரித்து, சுற்றிலும் கோடு இழுத்தார். கோட்டின் வழியே தோலை அறுத்தெடுத்தார். முழுவதும் அறுத்துவிடவில்லை, இரு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு துண்டை ஒட்டியபடியே விட்டுவைத்தார். வெட்டுண்ட மூக்கின் அடியிலே ஆறிக் காய்த்துப் போயிருந்த பழந்தழும்பைச் சீவி, புதுப் புண்ணாக்கினார். நெற்றித் தோலை முறுக்கிக் கீழே இறக்கி, அந்தப் புண்ணின் விளிம்போடு பொருத்தினார். காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணியிலே தடவி மேலே ஒட்டினார். நான்கு நாள் தொடவில்லை. பின்னர் நெய்யில் நனைத்த துணி. பத்தாம் நாள் வாக்கிலே மூச்சுத் துளை மூடிப் போகாதபடி மெல்லிய துணித் திரிகள். ஏறத்தாழ 25ஆம் நாள், கண்களுக்கு நடுவே விட்டுவைத்த இணைப்பை வெட்டிச் சீராக்கினார். மூக்கு நின்றது! நெற்றியின் தழும்பு காலம் செல்லச் செல்லக் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை என்று, பார்த்தவர்கள் வியந்து எழுதினார்கள்.

இந்தக் கடைசிச் செய்தியிலேதான் நம் கருத்து நிற்கிறது. தழும்பு ஏன் மங்கியது? மந்திரத்தாலா, நேர்த்திக்கடனாலா? இன்றைய மருத்துவம் விடை சொல்லுகிறது.

தோல் அறுபட்டவுடனே குருதி உறைந்து வாயை அடைக்கிறது. அடுத்த சில நாட்களிலே வெள்ளணுக்கள் வந்து, இறந்த திசுவையும் நுண்ணுயிரையும் தின்று களத்தைத் துப்புரவாக்குகின்றன. அப்போதுதான் புண் சிவந்து வீங்கித் தோன்றுகிறது. பிறகு புதிய குருதிக் குழாய்கள் முளைக்கின்றன. கொலாஜன் என்னும் புரத இழைகளை உடல் தாறுமாறாக நெய்து பிளவை நிரப்புகிறது. அவசரத்தில் அடைத்த கரை அல்லவா? மேடும் பள்ளமுமாக, சிவப்பாக, இறுக்கமாக இருக்கிறது. அதன்பின் மாதக்கணக்கிலே உடல் அதே கரையைப் பிரித்துப் பிரித்து ஒழுங்காக அடுக்குகிறது. சிவப்பு வெளுக்கிறது, மேடு தணிகிறது. ஓராண்டும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. எவ்வளவு ஆறினாலும் பழைய தோலின் வலிமையிலே ஏறத்தாழ 80 விழுக்காடுதான் திரும்புகிறது, நூறும் திரும்புவதில்லை.

செங்கல் செய்தவரின் கை இதையெல்லாம் ஏடு படிக்காமலே அறிந்திருந்தது. கண்களுக்கு நடுவே விட்ட சிறு துண்டின் வழியாகத்தான் குருதி ஓடி, இறக்கிய தோலை உயிரோடு வைத்தது; மூன்று வாரத்திலே கீழேயிருந்து புதுக் குழாய்கள் முளைத்த பிறகே அதை வெட்டினார். பழந்தழும்பு பழந்தழும்போடு ஒட்டாது, புண்ணோடு புண்தான் ஒட்டும் என்பதை அறிந்து விளிம்பைச் சீவினார். முகத்திலே குருதியோட்டம் மிகுதி. ஆகவே உடலின் பிற இடங்களைவிட விரைவிலே ஆறும். முகத்துத் தையலை ஒரு வாரத்துக்குள் பிரித்துவிடலாம் என்று இன்றைய மருத்துவர் சொல்லுவது அதனால்தான்.

இங்கே வைதிகத் தோழர் குறுக்கிடுவார். "இது எங்கள் சுசுருதர் அன்றே சொன்னது! எல்லாம் எங்கள் ஏட்டிலே இருக்கிறது!" இருக்கட்டும், மறுக்கவில்லை. சுசுருத சங்கிதையிலே கன்னத்துத் தோலை எடுத்து மூக்குச் செய்யும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. பிணத்தை நீரிலே ஊறவைத்துத் தோலையும் தசையையும் உரித்துப் பார்த்து உடலை அறிய வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. சரி, கேட்கிறோம்: ஏடு உங்களிடம் இருந்தது, கத்தி ஏன் செங்கல் செய்பவனிடம் இருந்தது?

விடை உங்கள் இன்னோர் ஏட்டிலே இருக்கிறது. மருத்துவன் தரும் உணவைச் சீழுக்கு ஒப்பிட்டது மனுநூல். முன்னோர்க்குப் படைக்கும் சடங்கிலே அவனுக்கு இலை போடக் கூடாதென்றது. பிணம் தொட்டால் தீட்டு, குருதி தொட்டால் தீட்டு, சீழ் தொட்டால் தீட்டு. தொடாமல் அறுப்பது எப்படி? அறுக்காமல் அறிவது எப்படி? ஆகவே சுவடி அக்கிரகாரத்துப் பரணிலே கிடந்தது. கைத்திறன் சூளைக்காரன் குடிசையிலே கிடந்தது. படித்தவன் செய்யவில்லை, செய்தவனைப் படிக்க விடவில்லை. கற்ற மூளையையும் உழைத்த கையையும் சாதி பிரித்து வைத்தது. அதனால் அந்தக் கலை வளரவில்லை, எழுதப்படவில்லை, திருத்தப்படவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது, அவ்வளவுதான். 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலே மதுசூதன் குப்தா பிணத்தின்மேல் கத்தி வைத்தபோது, அது ஒரு புரட்சியாகப் பேசப்பட்டதே! சுசுருதர் ஏட்டிலே இருந்ததைச் செய்ததற்கா இவ்வளவு ஆரவாரம்? ஏட்டுக்கும் கைக்கும் நடுவே எத்தனை நூற்றாண்டுச் சுவர் எழும்பி நின்றது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

அந்தச் சுவரில்லாத இடத்திலே என்ன நடந்தது பாருங்கள். இலண்டனிலே கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் செய்தியைப் படித்தார். பிணங்களின்மேல் செய்து பழகினார். 1814 அக்டோபர் 23ஆம் நாள், மூக்கிழந்த ஒரு படை அதிகாரிக்கு நெற்றித் தோலால் மூக்கு அமைத்தார். 1816இல் அனைத்தையும் நூலாக எழுதி வெளியிட்டார். புனாவின் குடிசையிலே பெயரில்லாமல் கிடந்த வித்தை, ஐரோப்பா முழுவதற்கும் பாடமாயிற்று. முதல் உலகப் போரிலே குண்டடிபட்டு முகம் சிதைந்த போர்வீரர்களுக்காக 1917இல் இங்கிலாந்தின் சிட்கப்பிலே தனி மருத்துவமனையே எழுந்தது. ஹெரால்ட் கில்லீஸ் என்ற மருத்துவரின் தலைமையிலே 5000க்கு மேற்பட்டோர் அங்கே முகம் திருத்தப் பெற்றனர்.

ஆனால் அறிவு வளர்ந்த அந்த நாட்டிலும் மனம் வளர்ந்துவிட்டதா? சிட்கப்பிலே, மருத்துவமனையிலிருந்து ஊருக்குள் செல்லும் சாலையோரத்துப் பலகைகள் சிலவற்றுக்கு நீல வண்ணம் பூசினார்கள். எதற்கு? அதிலே முகம் சிதைந்தவர் அமர்ந்திருப்பார். பார்த்து அஞ்சாதீர் என்று ஊராருக்கு எச்சரிக்கை! நாட்டுக்காக முகத்தைக் கொடுத்தவனுக்கு நாடு கொடுத்த இருக்கை அது. கத்தி ஆற்றிய புண்ணைக் கண் மீண்டும் கீறியது.

அந்தக் கண்ணின் கொடுமையை அறிய நாம் சிட்கப்புக்குப் போகவேண்டியதில்லை. பாப்பாரப்பட்டியிலேயே சான்று இருக்கிறது. 1908இல் வ.உ.சிதம்பரனாரோடு சிறை சென்ற சுப்பிரமணிய சிவா, 1912இல் வெளிவந்தபோது உடலிலே தொழுநோயோடு வெளிவந்தார். தொழுநோயர் என்று சொல்லிப் புகைவண்டியிலே ஏற அவரைத் தடுத்தனர். அவர் நடந்தார், ஊர் ஊராக நடந்து பேசினார். இறுதியிலே பாப்பாரப்பட்டிக்கு வந்து, பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப முனைந்தார். 1923இல் சித்தரஞ்சன் தாசு அதற்குக் கால்கோள் இட்டார். 1925 சூலை 23ஆம் நாள் சிவா இங்கேயே மறைந்தார். அவருடைய கோயிலிலே நமக்கு நாட்டமில்லை. அவர் வழி வேறு, நம் வழி வேறு. ஆனால் நோயுற்ற ஒரு மனிதனை வண்டியிலிருந்து இறக்கிவிட்ட சமுதாயத்தின்மேல் நமக்குள்ள சினத்துக்குக் கட்சி வேறுபாடு கிடையாது.

தொழுநோய் வினையின் பயன் என்று புராணிகர் சொல்லிக்கொண்டிருந்தபோதே, 1873இல் நார்வே நாட்டு ஆன்சன் அதன் நுண்ணுயிரைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த நுண்ணுயிர் உடலிலே குளிர்ந்த இடங்களை நாடுவது. ஆகவே மூக்கின் உட்புறத்தைத் தின்று, மூக்கு அமுங்கிப் போகச் செய்கிறது. புருவ மயிரை உதிர்க்கிறது. 1940களிலே டாப்சோன் மருந்து வந்தது. நோய் நின்றது, ஆனால் நோய் விட்டுச் சென்ற முகம் நின்றுவிட்டதே! உடலிலே ஒரு கிருமியும் இல்லாதவனைக் கூட, புருவமில்லாத நெற்றியைப் பார்த்தே ஊர் விரட்டிற்று.

இங்கேதான் வேலூர் வருகிறது. கொல்லிமலையிலே 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கில மருத்துவர், 1940களின் இறுதியிலே வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலே தொழுநோயரின் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்யத் தொடங்கினார். பின்னர் அருகிலுள்ள கரிகிரி மருத்துவ நிலையத்திலும் அப்பணி வளர்ந்தது. கைக்குப் பின் முகம். மேலுதட்டின் உட்புறத்திலே அறுத்து, அவ்வழியே சென்று, சுருங்கிப்போன மூக்கின் உட்சுவருக்குப் புதுத் தோல் வைத்து மூக்கை நிமிர்த்தினர். வெளியே ஒரு தழும்பும் தெரியாது! தலையிலே மயிருள்ள தோலை அதன் குருதிக் குழாயோடு எடுத்து, நெற்றித் தோலின் அடியாகச் சுரங்கம் செய்து கொண்டுவந்து புருவம் அமைத்தனர். பிராண்ட் கடவுளை நம்பியவர்தாம். ஆயினும் அவர் கடவுளிடம் விட்டுவிட்டுக் கைகட்டி நிற்கவில்லை. தையலூசியைத் தாமே எடுத்தார். தீண்டினார், அதனால் திருத்தினார். தீண்டாமை எங்கே முடிகிறதோ அங்கேதான் மருத்துவம் தொடங்குகிறது.

மருத்துவம் இவ்வளவு தூரம் வந்தபின்னும் சட்டம் எங்கே நின்றது தெரியுமா? தொழுநோயரைப் பிடித்து அடைத்துவைக்க வெள்ளையர் இயற்றிய 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இலேதான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குப் பெறலாம் என்ற விதி 2019இலேதான் எடுக்கப்பட்டது. நோய்க்கு மருந்து கண்டு எழுபது ஆண்டு கழித்துச் சட்டத்துக்கு மருந்து! மனத்துக்கு?

மூக்கறுக்கும் காலமும் போய்விட்டது என்று மகிழ்ந்துவிட முடியவில்லை. 'மாட்டேன்' என்று சொன்ன பெண்ணின் முகத்திலே அமிலம் வீசும் கயவர் இந்த நூற்றாண்டிலும் இருக்கிறார்கள். 2013இலே உச்சநீதிமன்றம் அமில விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்து, பாதிக்கப்பட்டோர்க்குக் குறைந்தது 3 இலட்ச ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று கூறவேண்டியிருந்தது. அன்று 'விரும்புகிறேன்' என்றவளுக்குக் கத்தி. இன்று 'விரும்பவில்லை' என்றவளுக்கு அமிலம். பெண்ணுக்கு விருப்பம் என்று ஒன்று இருப்பதையே பொறுக்காத மனம்தான் இரண்டுக்கும் தாய். அந்த முகங்களுக்குப் பல அறுவைகள் வேண்டும். பல ஆண்டுகள் வேண்டும். எந்தக் கத்தியும் பழைய முகத்தை அப்படியே திருப்பித் தருவதில்லை.

இன்னொரு பக்கம், புதிய மூடநம்பிக்கை ஒன்று கடை விரித்திருக்கிறது. தழும்பே இல்லாத அறுவை, ஒரே வாரத்திலே புதுமுகம், தடவினால் மறையும் தைலம் என்று விளம்பரங்கள் கூவுகின்றன. திருநீறு பூசினால் ஆறும் என்றவனை நகைத்த நாம், விலையுயர்ந்த புட்டியிலே அடைத்து வந்தால் மட்டும் நம்பலாமா? அறுத்தால் தழும்பு உண்டு, அதுதான் உண்மை. நல்ல மருத்துவர் அதைத் தோலின் மடிப்பிலும் மயிர்க்காலின் ஓரத்திலும் அமையச் செய்வார். மெல்லிய நூலால் இழுவிசையின்றித் தைப்பார். புண்ணைத் துப்புரவாக வைப்பதும், பொருக்கைப் பிய்க்காமலிருப்பதும், முதல் ஓராண்டு கடும் வெயில் படாமல் காப்பதும் நம் பங்கு. வெயில் பட்டால் புதுத் தழும்பு கறுத்துப்போகும். சிலருக்கு, சிறப்பாகக் கரிய நிறத்தவர்க்கு, தழும்பு புண்ணின் எல்லையையும் தாண்டித் தடித்து வளரும். அது தெய்வக் குற்றமன்று, உடலின் இயல்பு. அதற்கும் ஊசி மருந்து உண்டு, சிலிக்கோன் தகடு உண்டு. சாணியும் சாம்பலும் பூசினால் சீழ் பிடிக்கும். சீழ் பிடித்தால் தழும்பு பெரிதாகும். பாட்டி வைத்தியம் என்று பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் இளைஞன் ஒருவன் தெருவுக்கு ஒருவனாக இருந்தால், அதுவே பகுத்தறிவுப் பணி.

தழும்பு வெட்கப்பட வேண்டிய பொருளன்று. உடல் தன் உழைப்பால் தானே நெய்த துணி அது. வெட்கப்பட வேண்டியது வெட்டிய கை. அதைவிட வெட்கப்பட வேண்டியது, வெட்டுண்டவனைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்ளும் கண். உடலின் புண்ணை ஆற்றப் புனாவிலே ஒரு கைவினையாளர் இருந்தார், இலண்டனிலே கார்ப்யூ இருந்தார், வேலூரிலே பிராண்ட் இருந்தார். சமுதாயத்தின் கண்ணுக்கு மருத்துவர் யார்? நாம்தான், வேறு யார்? தழும்புள்ள முகத்தோடு வருபவனுக்குப் பேருந்திலே பக்கத்து இருக்கையை ஒதுக்குங்கள். அவளைத் திருமண வீட்டிலே முன் வரிசையிலே அமர்த்துங்கள். அவர்களுக்கு வேலை கேட்டுப் போராடுங்கள். 'என்ன வினையோ' என்று முணுமுணுக்கும் பெரியவரிடம், அந்தச் செங்கல் செய்பவரின் கதையை எடுத்துச் சொல்லுங்கள்.

பழைய தழும்பைச் சீவிப் புதுப்பித்தால்தான் புதுத்தோல் ஒட்டும் என்று அவர் அறிந்திருந்தார். சமுதாயத்துக்கும் அதுவே முறை. காய்த்துப்போன பழைய எண்ணங்களைச் சீவுவோம். வலிக்கும், குருதி கசியும், சினந்து கத்துவார்கள். ஆனால் ஒட்டும். அறுத்தெடுத்த நெற்றியிலே அன்று அவர் கண்டது தோலும் குருதியும்தான். எழுத்து எதையும் காணவில்லை.